ஷோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியம்: பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவரின் மதிப்பீடு

ஷோத்கங்காவை நான் ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். எந்தப் பல்கலைக்கழகத்திலும் நான் பணியாற்றியதில்லை. தாமிரபரணிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வட்டாரத்துக் குளங்களின் பெயர்களையும், மடை, மறுகால், கலிங்கு, உள்வாய் என்று அந்தக் குளங்களோடு சேர்ந்து வழங்கும் சொற்களையும் திரட்டி எழுதி வைப்பது ஓய்வுக்குப் பின் எனக்கு வாய்த்த வேலை. அந்த வேலைக்கு ஏறத்தாழ நாள்தோறும் துணை நிற்கும் சேவை இது. ஆய்வு மாணவர்களுக்கு மட்டும் உரியது என்று பலர் இதை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாணவர் அல்லாத ஒருவருக்கு இது எந்த அளவுக்குப் பயன்படுகிறது, எங்கே இடறுகிறது என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். இந்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்காக ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆய்வேடுகளை முழுமையாக வைத்திருக்கும் இணையக் களஞ்சியம் ஷோத்கங்கா. 'ஷோத்' என்பது வடமொழி வழியில் ஆய்வைக் குறிக்கும். கங்கை நாம் அறிந்த ஆறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் குஜராத் மாநிலம் காந்திநகரில் இயங்கும் இன்ஃபிளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. பட்டம் வழங்கப்படுவது அறிவிக்கப்பட்ட முப்பது நாட்களுக்குள் ஆய்வேட்டின் மின்படியை மானியக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டு விதிமுறை பல்கலைக்கழகங்களைப் பணித்தது. களஞ்சியம் பெருகியது அதன் பிறகுதான். இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இதில் இருக்கின்றன. அந்த விதிமுறையின் வாசகத்தைக் கவனித்தால் ஒன்று புலப்படும். எல்லாக் கல்வி நிறுவனங்களும் அணுகும்படி வைக்க வேண்டும் என்பதுதான் அதில் இருந்தது. களஞ்சியத்தை அமைத்தவர்களோ அதற்கும் ஒரு படி மேலே போய், உறுப்பினர் பதிவு, கடவுச்சொல், நிறுவன அடையாளம் என்று எதுவும் கேட்காமல், வீட்டிலிருந்து கைப்பேசியில் பார்க்கும் யாருக்கும் திறந்துவிட்டார்கள். ஆக்கியவரின் பெயரைச் சொல்லி, வணிக நோக்கமில்லாமல், அதே நிபந்தனையோடு பிறருக்கும் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் ஆய்வேடுகள் வைக்கப்பட்டிருக்கின்றன. என்னைப் போன்றவர்கள் உள்ளே நுழைய முடிந்தது அந்த முடிவினால்தான் என்பதால், வேறு எதைச் சொல்வதற்கு முன்பும் அதற்கு நன்றி சொல்லிவிடுகிறேன்.

இதன் அருமை முன்பிருந்த நிலையை அறிந்தவர்களுக்கு நன்றாக விளங்கும். 1990-களில் எங்கள் வட்டாரத்து ஊர்ப்பெயர்களைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, அதைப் பார்ப்பதற்காக ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். தலைமையாசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு, ஒரு நாள் தற்செயல் விடுப்பும் எடுத்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறிப் போய்ச் சேர்ந்தால், அலமாரியின் சாவியை வைத்திருந்தவர் அன்று வரவில்லை. மறுமுறை போனபோது ஒரு மணி நேரம் பார்க்க அனுமதித்தார்கள். நகலெடுக்கக் கூடாது, குறிப்பு எடுப்பதானால் பென்சிலால் மட்டும் எடுக்கலாம் என்றார்கள். கறுப்பு ரெக்சின் அட்டையில் பொன்னிற எழுத்துப் பொறித்த அந்த ஆய்வேட்டின் முந்நூறுக்கும் மேற்பட்ட பக்கங்களில் நாற்பது பக்கங்களைக்கூட என்னால் முடிக்க இயலவில்லை. எங்கள் ஊரைப் பற்றி எங்கள் ஊராரிடம் கேட்டு எழுதப்பட்ட ஒன்றை எங்கள் ஊர்க்காரன் ஒருவன் படிப்பதற்கு இத்தனை தடை ஏன் என்ற கேள்வி அன்று என் மனத்தில் விழுந்தது. அந்த அலுவலர்கள் மேல் எனக்கு இன்றும் வருத்தமில்லை. அன்றைய நடைமுறையே அதுதான்.

இப்போது ஷோத்கங்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, தென்மாவட்டக் குளங்களின் நீர்ப்பங்கீட்டு முறைகளைப் பற்றிய ஆய்வேடு ஒன்றைத் திறந்தேன். இயல்களைப் படித்து முடித்த பிறகு பின்னிணைப்பில் இருந்த தகவலாளர் பட்டியலுக்கு வந்தேன். வரிசை எண், பெயர், வயது, ஊர், தொழில் என்று கட்டம் போட்ட அட்டவணை. அதில் எங்கள் பக்கத்து ஊரைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். வயது 71, தொழில் நீர்பாய்ச்சி. குளத்து மடைகளைத் திறந்து அடைத்து வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடும் பொறுப்பு நீர்பாய்ச்சியுடையது. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய மகன் எங்கள் ஊர் டீக்கடைக்கு நாள்தோறும் வருபவர், டிராக்டர் ஓட்டுகிறார். மறுநாள் காலையில், தந்தையின் பேச்சு பதிவாகியிருந்த மூன்று பக்கங்களைக் கைப்பேசியில் பெரிதாக்கி அவருக்குப் படித்துக் காட்டினேன். கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றால் முதல் மடையை அடைத்துவிட வேண்டும், அது யாருடைய வயலாக இருந்தாலும் சரி என்று அவருடைய தந்தை சொன்னது பேச்சு வழக்கிலேயே பதிவாகியிருந்தது. "எங்க அப்பா பேசுற மாதிரியே இருக்கு ஸார், இத யாரு எழுதி வச்சா?" என்று கேட்டார் அவர். ஓர் ஆய்வு மாணவர் பல ஆண்டுகளுக்கு முன்னால் வந்து கேட்டு எழுதியது என்றேன். அப்போது தாம் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்ததாகவும், யாரோ ஒருவர் டேப்ரிக்கார்டரோடு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தது நினைவிருப்பதாகவும், அதற்குப் பின் அது என்ன ஆயிற்று என்று வீட்டில் யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். அந்த மூன்று பக்கங்களை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கொடுத்தேன்.

இந்தக் களஞ்சியத்தின் பயனை எடைபோட எனக்கு இதைவிடச் சரியான அளவுகோல் தெரியவில்லை. தமிழ்நாட்டில் நாட்டார் வழக்காறு, ஊர்ப்பெயர், வட்டார வழக்கு, கோயில் வரலாறு, கைத்தொழில், சிகிச்சை முறை என்று நடந்த களஆய்வுகளில் கணிசமானவை ஊர்மக்கள் வாய்திறந்து சொன்னவற்றை வைத்து எழுதப்பட்டவை. சொன்னவர்கள் திண்ணையில் இடம் கொடுத்தார்கள், மோர் கொடுத்தார்கள், அரைநாள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பேசினார்கள். எழுதியவருக்குப் பட்டம் கிடைத்தது. எழுதப்பட்டது பூட்டிய அலமாரிக்குப் போனது. அதைச் சொன்னவர் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் வழி ஒன்று, செலவில்லாமல், முதல் முறையாக நம் கையில் இருக்கிறது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். அவற்றை மறைப்பது இந்தச் சேவைக்கு நன்மை செய்வதாகாது.

சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். வாசகர்கள் தாங்களே அலமாரிக்குச் சென்று நூலை எடுத்துப் பார்க்கும் முறையை அங்கே கொண்டுவந்தவர் அவர். 1931-இல் அவர் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. அந்த விதியை வைத்துப் பார்த்தால், தமிழ் ஆய்வேடுகளைத் தேடும் வாசகருக்கு ஷோத்கங்கா இன்னும் நிறையக் கடன்பட்டிருக்கிறது. தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகள் பலவற்றின் தலைப்பு ஆங்கில எழுத்தில், ஒலிபெயர்ப்பாகவே உள்ளிடப்பட்டிருக்கிறது. அந்த ஒலிபெயர்ப்புக்கும் ஒரே முறை கிடையாது. 'ஊர்' என்ற இரண்டெழுத்துச் சொல்லுக்கு ஒருவர் இரண்டு ஓ போடுகிறார், இன்னொருவர் ஒரு யூவோடு நிறுத்திக்கொள்கிறார். 'ழ'கரத்துக்கு ஒருவர் இஸட்டும் ஹெச்சும் சேர்த்து எழுதுகிறார், மற்றொருவர் வெறும் எல் எழுதுகிறார். திருக்குறளில் 'தி'க்கு ஹெச் உண்டா, 'க்கு'வுக்கு ஒரு கே போதுமா என்பதெல்லாம் உள்ளிட்டவரின் விருப்பம். ஒரே பொருளைப் பற்றிய ஆய்வேடுகளை முழுவதும் திரட்ட வேண்டுமானால், ஒரு சொல்லை ஐந்தாறு விதமாக எழுதித் தேட வேண்டியிருக்கிறது. தமிழ் எழுத்தில் தேடினால், தலைப்பைத் தமிழிலேயே உள்ளிட்ட சில மட்டும் கிடைக்கும். மற்றவை இருப்பதே தெரியாது.

இது காந்திநகரில் இருப்பவர்கள் மட்டும் தீர்க்கக்கூடிய சிக்கல் அன்று. ஆய்வேடுகளையும் அவற்றின் விவரங்களையும் உள்ளிடுவது அந்தந்தப் பல்கலைக்கழகம். நூலகத்தில் ஆள் பற்றாக்குறை இருக்கும் இடங்களில், தமிழ் தெரியாதவரோ தமிழில் தட்டச்சு செய்யாதவரோ அந்த வேலையைச் செய்ய நேர்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டியலில் நெறியாளரின், அதாவது ஆய்வை வழிநடத்திய பேராசிரியரின், பெயர் ஆய்வாளரின் இடத்திலும் ஆய்வாளரின் பெயர் நெறியாளரின் இடத்திலும் மாறிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். செய்ய முடியாத வேலையும் அன்று இது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் திரட்டித் தந்துகொண்டிருக்கும் 'நூலகம்' என்ற இணையதளத்தில் நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் தமிழ் எழுத்திலேயே பதிவாகியிருக்கின்றன. தன்னார்வலர் உழைப்பில் வளர்ந்த ஒரு முயற்சியால் அதைச் செய்ய முடிந்திருக்கும்போது, ஊதியம் பெறும் ஊழியர்களைக் கொண்ட பல்கலைக்கழகங்களாலும் முடியும். ஒவ்வொரு தமிழ் ஆய்வேட்டுக்கும் தமிழ் எழுத்தில் தலைப்பு கட்டாயம் என்று ஒரே ஒரு விதி போதும்.

அடுத்தது எழுத்துருச் சிக்கல். ஒருங்குறி (யூனிகோடு) பரவலாவதற்கு முன்பு தமிழ் ஆய்வேடுகள் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டன. அவற்றின் பிடிஎஃப் கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஆனால் 'தமிழ்' என்ற சொல்லை அதிலிருந்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வந்து நிற்கும். கோப்புக்குள் எந்தச் சொல்லையும் தமிழில் தேட முடியாது. கண்பார்வை குறைந்தவர்களுக்குத் திரைப்படிப்பான் படித்துக் காட்டவும் செய்யாது. என் நண்பர் ஒருவர் பார்வையற்றவர், வரலாற்றில் முதுகலை படித்தவர். ஆங்கில ஆய்வேடுகளை அவர் காதால் கேட்டே படித்துவிடுகிறார், தமிழ் ஆய்வேடு என்றால் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். அதற்கும் முந்திய தட்டச்சுப் பொறிக் காலத்து ஆய்வேடுகள் ஸ்கேன் செய்யப்பட்ட படங்களாக இருக்கின்றன. சிலவற்றில் நூற்கட்டுக்குள் மாட்டிக்கொண்ட ஓர எழுத்துகள் காணாமற் போயிருக்கின்றன; கார்பன் தாளில் எடுத்த படியிலிருந்து ஸ்கேன் செய்யப்பட்டவற்றில் ஒற்றெழுத்தின் புள்ளி எது, தாளின் கறை எது என்று தெரிவதில்லை. படத்தில் இருக்கும் எழுத்தைக் கண்டறிந்து உரையாக்கும் ஒளிவழி எழுத்துணரி தமிழுக்கு இன்று ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. பழைய எழுத்துருவை ஒருங்குறியாக மாற்றும் கருவிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆகவே இனி வேண்டியது உழைப்பும் அதற்கான ஒதுக்கீடும்.

ஆய்வேடு இயல்வாரியாகத் தனித்தனிக் கோப்பாகப் பிரிக்கப்பட்டிருப்பது சிலருக்குத் தொல்லையாகப் படும். முதல் கோப்பு தலைப்புப் பக்கம், அடுத்து சான்றிதழ், உள்ளடக்கம், முன்னுரை என்று வரிசையாகப் போய், திடீரென்று எண்பது என்ற எண்ணோடு பரிந்துரை என்ற கோப்பு வரும்; அதில் பெரும்பாலும் முடிவுரை இருக்கும். கைப்பேசியில் இணையத் தரவைக் கணக்குப் பார்த்துச் செலவிடும் எனக்கு இந்தப் பிரிப்பு வசதியாகவே இருக்கிறது. வேண்டிய இயலை மட்டும் இறக்கிக்கொள்கிறேன்.

ஆய்வேடுகளின் தரம் எல்லாம் ஒன்றுபோல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிறர் எழுதியதை வரிக்கு வரி எடுத்துக்கொண்டவை இருக்கின்றன. ஒரே ஊரைப் பற்றிய இரண்டு ஆய்வேடுகளில் ஒரே பிழை இரண்டிலும் திரும்ப வந்திருப்பதைக் கண்டு, எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று ஊகித்திருக்கிறேன். இது களஞ்சியத்தின் குற்றம் அன்று. பூட்டிய அலமாரிக்குள் யாரும் பார்க்காமல் கிடந்தது இப்போது பார்வைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். தன் ஆய்வேட்டை எவரும் திறந்து பார்க்கலாம் என்ற எண்ணம் இன்று எழுதும் மாணவரின் கையைச் சற்றேனும் பொறுப்பாக எழுதவைக்கும் என்று நம்புகிறேன்.

வேறொரு கவலையும் எனக்கு உண்டு. தகவலாளர் பட்டியலில் சாதி, வயது, ஊர், சில இடங்களில் நோய், குடும்பத் தகராறு வரை பெயரோடு பதிவாகியிருக்கின்றன. சொன்னவர்கள் அதைத் துறை நூலகத்து ஆய்வேட்டுக்காகச் சொன்னார்கள். உலகம் முழுவதும் படிக்கும் இணையத்துக்காகச் சொல்லவில்லை. நீர்பாய்ச்சியின் பேச்சை அவர் மகனிடம் சேர்த்த அதே வழியில், வேறொரு வீட்டின் வருத்தமும் வெளியே வந்துவிடக்கூடும். மருத்துவம், பாலியல், குற்றம் ஆகிய துறைகளிலாவது பெயர்களை மறைத்து வெளியிடும் நெறி வேண்டும். திறந்து வைப்பதில் எனக்கு இருக்கும் ஆர்வம் இந்தக் கவலையைக் குறைக்கவில்லை.

ஆய்வேடுகள் இப்படி என்றால், ஆய்விதழ்களின் நிலை வேறு. கல்வி நிறுவனங்களுக்காக ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா செலுத்தும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் கீழுள்ள 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களுமாக 1.8 கோடிப் பேருக்குப் பயன் என்று அறிவிக்கப்பட்டது. இதை நடைமுறைப்படுத்துவதும் அதே இன்ஃபிளிப்நெட்தான். சிறு நகரத்து அரசுக் கல்லூரி மாணவருக்கு இது பெரிய வாய்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்று வெளியேறியவருக்கும், ஓய்வு பெற்ற ஆசிரியருக்கும், தனியாக மருத்துவம் பார்க்கும் சித்த வைத்தியருக்கும், தன் நிலத்துப் பூச்சித் தாக்குதலைப் பற்றிப் படிக்க விரும்பும் உழவருக்கும் அந்தக் கதவு மூடியே இருக்கிறது. ஒரே மையம் நடத்தும் இரண்டு சேவைகளில் ஒன்று எல்லோருக்கும் உரியது, மற்றது அந்த நிறுவனங்களுக்குள் இருப்பவர்களுக்கு உரியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஷோத்கங்காவின் மதிப்பு எனக்கு இன்னும் கூடுகிறது.

நான் அதிகம் சொல்ல விரும்புவது ஆய்வேட்டுக்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. ஆய்வேடு ஒன்று ஏற்கப்படுவதற்கு முன்பு, அதைப் பற்றிய கேள்விகளுக்கு ஆய்வாளர் பலர் முன்னிலையில் பதில் சொல்லும் பொது வாய்மொழித் தேர்வு நடக்கிறது. நாள், நேரம், இடம், தலைப்பு, ஆய்வாளர், நெறியாளர், புறத்தேர்வாளர் என்று விவரம் போட்டு, ஆய்வேட்டின் படி துறை நூலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது என்ற வரியோடு அறிவிப்பு வரும். துறை ஆசிரியர்களும் மற்ற ஆய்வு மாணவர்களும் மட்டுமல்லாமல், ஆர்வமுள்ள பிற வல்லுநர்களும் ஆய்வாளர்களும் கலந்துகொள்ளலாம் என்று, 2022 வரை நடப்பில் இருந்த மானியக் குழுவின் 2016-ஆம் ஆண்டு விதிமுறையே சொன்னது. இதுவரை பதினொரு தேர்வுகளுக்குப் போயிருக்கிறேன். எங்கும் என்னை யாரும் தடுக்கவில்லை. இரண்டு இடங்களில் வடையும் காப்பியும் கொடுத்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஆனால் வெளியாள் என்று என்னைத் தவிர ஒரே ஒருவரைத்தான் நான் அங்கே கண்டிருக்கிறேன். அறிவிப்பு துறைப் பலகையில் ஒட்டப்பட்டதோடு நின்றுவிடுகிறது.

அங்கே நடப்பது ஆய்வேட்டில் இராது. ஒரு தேர்வில், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'குமிழி' என்ற சொல்லையும் 'தூம்பு' என்ற சொல்லையும் ஆய்வாளர் ஒன்றாகவே வைத்திருந்ததைப் புறத்தேர்வாளர் கேட்டார். ஆய்வாளர் திணறினார். அப்போது பார்வையாளராக வந்திருந்த பேராசிரியர் ஒருவரின் உறவினர், பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், எழுந்து, குளத்தின் உள்ளே தண்ணீர் இறங்கும் வாயான குமிழியையும் கரைக்கு அடியில் தண்ணீர் ஓடும் வழியான தூம்பையும் கரும்பலகையில் படம் போட்டுப் பிரித்துக் காட்டினார். ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்தில் எனக்குப் பல ஆண்டுகளாக இருந்த ஐயம் தீர்ந்தது. அந்தப் படத்தை யாரும் குறித்துக்கொள்ளவில்லை, தேர்வு முடிந்ததும் பலகையைத் துடைத்துவிட்டார்கள். ஆய்வேடு பின்னர் ஷோத்கங்காவுக்கு வந்தது. அதில் குமிழியும் தூம்பும் பழையபடியே ஒன்றாக இருக்கின்றன.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020-இல், வாய்மொழித் தேர்வுகளைக் காணொளி வழியாக நடத்தலாம் என்று மானியக் குழு வழிகாட்டியது. அந்த ஓராண்டில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி நான்கு தேர்வுகளைக் கேட்டேன். பேருந்துச் செலவில்லை, பரிந்துரைக் கடிதமில்லை, காதோடு ஒட்டிய ஒரு கருவி போதுமாக இருந்தது. இணைப்பைப் பொதுவில் அறிவித்த இடங்களில் நாற்பது ஐம்பது பேர் வரை கேட்டார்கள். கூடத்தில் நடந்தபோது அதில் கால்பங்குகூட வந்ததில்லை. அந்த வழக்கம் இப்போது தேய்ந்துவிட்டது. பொது வாய்மொழித் தேர்வின் ஒலிப்பதிவையேனும் ஆய்வேட்டின் பக்கத்திலேயே ஒரு கோப்பாக இணைத்து வைக்க முடியும். பிடிஎஃப் கோப்பு பத்து இருக்கும் இடத்தில் ஒலிக்கோப்பு ஒன்று கூடுதலாக இருப்பதில் தடையில்லை. களஞ்சியம் இயங்கும் டிஸ்பேஸ் மென்பொருள் எல்லா வகைக் கோப்புகளையும் ஏற்கக்கூடியது.

கருத்தரங்குகளின் நிலை இதைவிடச் சிக்கல். தமிழ்த்துறைகள் நடத்தும் பன்னாட்டு, தேசியக் கருத்தரங்குகளில் பேராளர் கட்டணம் கட்டியவருக்குப் பையும் சான்றிதழும் கட்டுரைத் தொகுப்பும் கிடைக்கும். தொகுப்புக்குப் பன்னாட்டுத் தர நூல் எண் (ஐ.எஸ்.பி.என்.) இருக்கும், விலையும் போட்டிருக்கும். ஆனால் எந்தப் புத்தகக் கடையிலும் அது கிடைக்காது. ஆயிரம் பக்கத் தொகுப்பில் எனக்குத் தேவைப்படும் நான்கு பக்கக் கட்டுரையைப் பெற, அதில் எழுதியவர் யாரையாவது தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பெங்களூரில் உள்ள பன்னாட்டுக் கோட்பாட்டு அறிவியல் மையம் தன் அறிவியல் கூட்டங்களின் விரிவுரைகளை முழுமையாக யூடியூபில் வைத்துவிடுகிறது. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நடத்தும் சொற்பொழிவுகளுக்கு யாரும் போய் உட்காரலாம்; உரைகளின் பதிவுகளும் பிறகு காணக் கிடைக்கின்றன. கல்வெட்டு, தொல்லியல், பதிப்பு வரலாறு பற்றி ஊரில் இருந்தபடியே நான் கற்றதில் பெரும்பங்கு அந்தப் பதிவுகளால் வந்தது. கட்டணமும் சான்றிதழும் இல்லாத கூட்டத்துக்கு ஆள் வராது என்று சொல்பவர்கள் அந்த அரங்கில் ஒரு மாலைப்பொழுது வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். கருத்தரங்கத் தொகுப்புகளையும் ஆய்வேடுகளோடு சேர்த்து ஷோத்கங்கா போன்ற ஒரு பொது இடத்தில் வைக்க மானியக் குழு விதி செய்தால், அச்சுக்கூலி கொடுத்தும் படிக்க ஆளில்லாமல் கிடக்கும் கட்டுரைகள் பல வாசகரைச் சென்றடையும்.

மதிப்பெண் போடச் சொன்னால், திறந்து வைத்திருக்கும் மனத்துக்கும் அளவுக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். தமிழ் வாசகர் தேடிக் கண்டடையும் வசதிக்கு ஐந்துக்கு இரண்டுதான் கொடுக்க முடியும்.

புதிதாக நுழைபவர்களுக்கு நான் கண்ட வழியைச் சொல்கிறேன். முகப்பில் உள்ள பொதுத் தேடலில் தொடங்க வேண்டாம். முதலில் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்து, பிறகு துறையைத் தேர்ந்து, அங்குள்ள பட்டியலை ஆண்டு வரிசையில் மேலிருந்து கீழாகப் பொறுமையாகப் பாருங்கள். ஒரு பல்கலைக்கழகத்துத் தமிழ்த்துறைக்கு ஒரு பகற்பொழுது ஆகலாம். பயன்படும் ஆய்வேடு கிடைத்தால் அதன் பக்கத்தில் உள்ள நிலையான முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். 10603 என்ற எண்ணும், சாய்கோடும், அதன் பின் அந்த ஆய்வேட்டுக்கே உரிய எண்ணும் இருக்கும். தளத்தின் தோற்றம் மாறினாலும் அதே ஆய்வேட்டை மீண்டும் அடைய அந்த எண்தான் உதவும். உங்கள் ஊரையோ வட்டத்தையோ பற்றிய ஆய்வேடாக இருந்தால், முன்னுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் கடைசிக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். தகவலாளர் பட்டியல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.